விழுந்தவரைத் தேடிப் போகும் ஆட்டம்

'போக்கிமான் மிஸ்டரி டஞ்சன்' 2005 நவம்பரில் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. கேம்பாய் அட்வான்ஸுக்கு 'ரெட் ரெஸ்க்யூ டீம்', நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கு 'ப்ளூ ரெஸ்க்யூ டீம்' என்று ஒரே ஆட்டம் இரண்டு பெயரில் வந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆங்கில விளையாட்டு இதழ்கள் நடுத்தரமாக மதிப்பெண் போட்டு நகர்ந்துவிட்டன. எல்லாத் தளமும் ஒன்றுபோலவே இருக்கிறது, செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்பவை அவர்கள் சொன்ன பெரிய குறைகள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வழக்கமான போக்கிமான் ஆட்டத்துக்கான அளவுகோலை வைத்துக்கொண்டு இதை அளந்தார்கள் என்பது என் வருத்தம். இதன் பூர்வீகம் வேறு. அதன் மூத்த தலைமுறை அப்போதே 25 வயதைத் தாண்டியிருந்தது. அந்த வம்சாவளியைத் தெரிந்துகொண்டு பார்த்தால், இந்தச் சிறிய ஆட்டம் எவ்வளவு துணிச்சலான காரியத்தைச் செய்திருக்கிறது என்பது விளங்கும்.

கலிஃபோர்னியாவில் சாந்தா குரூஸ் என்ற கடலோர ஊரில் ஒரு பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. 1980ஐ ஒட்டிய காலத்தில் அங்கே படித்த மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்களுக்கு ஒரு குறை இருந்தது. அன்றைய கணினிக் கதை ஆட்டங்களை ஒருமுறை முடித்துவிட்டால் தீர்ந்தது. புதிர் எங்கே, புதையல் எங்கே என்று தெரிந்துவிடும். அதை எழுதியவருக்கோ முதல் நாளிலிருந்தே சுவாரசியம் கிடையாது. எழுதியவரையே ஆச்சரியப்படுத்தும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று நினைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கணினியே புதிதாக ஒரு நிலவறையைக் கட்டித் தரட்டும் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'ரோக்'. டாய் பின்னர் பெர்க்லிக்குப் போனபோது அங்கே கென் ஆர்னல்டு சேர்ந்துகொண்டார். எழுத்துத் திரையில் விரும்பிய இடத்தில் விரும்பிய குறியைப் போட உதவும் 'கர்சஸ்' என்ற நிரல்தொகுப்பு அவர் செய்தது. அது இல்லாமல் ரோக் இல்லை.

80 எழுத்து அகலம், 24 வரி உயரம் உள்ள திரையை மூன்றுக்கு மூன்றாகப் பிரித்து அதிகபட்சம் ஒன்பது அறைகள் வரைவார்கள். கோடுகள் சுவர், புள்ளிகள் தரை. நீங்கள் ஒரு @ குறி. ஆங்கிலப் பேரெழுத்துகள் 26ம் 26 வகைப் பூதங்கள். எல் என்ற எழுத்து வந்தால் அது பணத்தைத் திருடிக்கொண்டு மாயமாகும் குள்ளன். டி வந்தால் டிராகன். 26ஆவது தளத்தில் இருக்கும் தாயத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறி வர வேண்டும்.

பெர்க்லியிலிருந்து உலகெங்கும் போன யூனிக்ஸ் நாடாக்களோடு இந்த ஆட்டமும் போயிற்று. எண்பதுகளின் கடைசியில் எங்கள் கல்லூரிக் கணினி அறைக்கும் வந்து சேர்ந்திருந்தது. பச்சை எழுத்துத் திரைகள். குளிர்சாதன அறை என்பதால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். வேலை முடிந்த பிறகு சீனியர் அண்ணன் ஒருவர் ஆடுவார், நாங்கள் நாலைந்து பேர் பின்னால் நின்று பார்ப்போம். அவர் ஒரு விசையைத் தட்டினால் ஓர் அடி நகரும். உடனே அந்தத் தளத்திலுள்ள பூதங்களும் தங்கள் அடியை எடுத்து வைக்கும். அவர் கையை எடுத்துவிட்டு யோசித்தால் உலகமே அப்படியே நிற்கும். ஒரே ஓர் அடி வைப்பதற்கு அவர் அவ்வளவு நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எதிரில் ஒரு பூதம், கையில் என்ன நிறத்துக்கு என்ன குணம் என்று தெரியாத இரண்டு மருந்துக் குப்பிகள். ஒன்று காயத்தை ஆற்றலாம், மற்றொன்று கண்ணைக் குருடாக்கலாம். குடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பசியும் உண்டு. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவரைப் பசி விரட்டும். சாப்பாடு கிடைக்காவிட்டால் தளர்ச்சி, மயக்கம், சாவு. செத்தால் உங்கள் பெயர் பொறித்த கல்லறை ஒன்று திரையில் தோன்றும். எதனால் செத்தீர்கள் என்பதும் அதில் இருக்கும். பாதியில் நிறுத்திச் சேமித்துவைக்கலாம். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து ஆட்டத்தைத் தொடர்ந்த கணமே கோப்பு அழிந்துவிடும். செத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை முயல வழி கிடையாது. அந்தச் சட்டம்தான் ஆட்டத்தின் உயிர்நாடி. போனால் போனதுதான் என்பதால்தான் அந்த அண்ணன் ஓர் அடிக்கு அவ்வளவு யோசித்தார். திரும்பப் பெற முடியாத ஒன்று கையில் இருக்கும்போதுதான் மனிதனுக்கு முழுக் கவனம் வருகிறது.

ஆனால் அதில் ஒரு தனிமை இருந்தது. நாங்கள் ஐந்து பேர் பின்னால் நின்றாலும் நிலவறைக்குள் அவர் ஒருவர்தான். விழுந்தால் அங்கே யாரும் வரப்போவதில்லை.

கதை இனி ஜப்பானுக்குப் போகிறது. கோயிச்சி நாகமுரா பள்ளி மாணவனாக இருந்தபோதே எனிக்ஸ் நிறுவனம் நடத்திய நிரல் போட்டியில் 'டோர் டோர்' என்ற ஆட்டத்துக்குப் பரிசு வாங்கியவர். 1984ல் சுன்சாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். 'டிராகன் குவெஸ்ட்' வரிசையின் முதல் ஐந்து ஆட்டங்களை, 1986 முதல் 1992 வரை, உருவாக்கியது அவருடைய நிறுவனம். ஜப்பானில் தெருவுக்குத் தெரு தெரிந்த பெயர் அது. அந்த வரிசையை விட்டு விலகித் தன் பெயரில் ஆட்டம் வெளியிட வேண்டும் என்ற கட்டம் வந்தபோது சுன்சாஃப்ட் கையில் எடுத்தது ரோக் என்ற பழைய பல்கலைக்கழக ஆட்டத்தை. ஆனால் @ குறியை வைத்துக்கொண்டு ஜப்பானியக் குடும்பங்களின் வரவேற்பறைக்குள் நுழைய முடியாது. பழகிய முகம் ஒன்று வேண்டும்.

'டிராகன் குவெஸ்ட் 4'ல் தோர்னெகோ என்று ஒரு வியாபாரி வருவார். தொந்தியும் மீசையும் மனைவியும் மகனும் உள்ள மனிதர். வீரர்களுக்கு நடுவே ஒரு கடைக்காரர். அவரை இரவல் வாங்கிக்கொண்டார்கள். 1993 செப்டம்பரில் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு 'தோர்னெகோவின் பெரும் சாகசம்' வந்தது. நிலவறை அதேதான்: தினுசு தினுசாய் மாறும் தளங்கள், பசி, அறியாத மருந்துகள், நான் ஓர் அடி வைத்தால் நீ ஓர் அடி என்ற சட்டம். ஆனால் இப்போது வெளியே ஒரு வீடு இருந்தது. தோர்னெகோ விழுந்தால் சாவதில்லை. சேர்த்த பொருளை இழந்து வீடு திரும்புவார், அடுத்த முறை முதல் லெவலிலிருந்து தொடங்குவார். தப்பி வந்து பொருளைச் சேர்த்தால் கடை வளரும். வீட்டுக்காரி கணக்குப் பார்ப்பாள். சாவு நஷ்டமாக மாறிய இடம் இது. வியாபாரிக்கு நஷ்டம் சாவைவிடச் சின்னது, ஆனால் வலிக்கும். ஆட்டக்காரருக்கும் அதே அளவு வலித்தது. ரோக்கின் சட்டத்தைக் கைவிடாமல் அதைத் தாங்கக்கூடியதாக்கியது சுன்சாஃப்டின் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பேன்.

அடுத்து 1995 டிசம்பரில் 'ஷிரென்' வந்தான். பழங்கால ஜப்பான் பாணியில் கோரைத் தொப்பியும் மேலங்கியும் அணிந்த நாடோடி. தோளில் கொப்பா என்ற பேசும் மரநாய். விழுந்தால் முதல் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும், லெவலும் போச்சு, பொருளும் போச்சு. ஆனால் நீங்கள் வழியில் பார்த்த மனிதர்கள் உங்களை நினைவில் வைத்திருப்பார்கள். கதை முன்னே போயிருக்கும். நிலவறைக்கு உள்ளேயே கடைகளும் இருந்தன. காசு கொடுக்காமல் பொருளோடு வெளியேறினால் கடைக்காரர் துரத்துவார், அவருடைய கோபத்துக்கு முன் எந்தப் பூதமும் ஒன்றுமில்லை. போக்கிமான் ஆட்டத்தில் கெக்லியான் கடையில் திருடிவிட்டு ஓடிய பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த ஷிரெனின் வழித்தோன்றல்கள்.

ஷிரெனில் இன்னொரு சங்கதியும் உண்டு. பூதத்தை இறைச்சியாக மாற்றிவிடும் ஒரு கோல். அந்த இறைச்சியைத் தின்றால் சில நேரத்துக்கு நீங்களே அந்தப் பூதமாகிவிடுவீர்கள். அதன் பலம் உங்கள் பலம். எதிரியின் பக்கம் நின்று பார்க்க இது ஒரு சன்னலைத் திறந்தது. பத்து ஆண்டுகளில் அந்தச் சன்னல் வாசலாகிவிட்டது.

அதற்கு முன் இந்த ஆட்டம் கைக்குள் வர வேண்டியிருந்தது. 1996ல் ஷிரென் கேம்பாய்க்கு வந்தான். நிலவறை ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது என்பது என் கருத்து. சின்னத் திரை, சதுரம் சதுரமான தரை, நான்கே நான்கு சாம்பல் நிறங்கள், அதுவே போதும். நீங்கள் அடி எடுத்து வைக்கும்வரை எதுவும் நகராது என்பதால் ரயில் நிலையம் வந்துவிட்டால் கருவியை அப்படியே பையில் போட்டுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் நான் வேலைக்குப் போகும் ரயிலில் மற்றவர்கள் பந்தய வண்டி ஓட்டிக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நிலவறை ஆடுபவருக்கு அந்தத் தவிப்பு இல்லை. பல்கலைக்கழக எழுத்துத் திரைக்கு விதித்த சட்டம், விதித்தவர்களே நினைத்துப் பார்க்காத இடத்தில், ரயில் பயணிக்கு ஏற்ற சட்டமாக அமைந்துவிட்டது.

அதே 1996, பிப்ரவரி 27 அன்று சதோஷி தஜிரியின் 'போக்கிமான்' கேம்பாயில் வெளியாகியிருந்தது. சிறு வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த தஜிரி, இரண்டு கேம்பாய்களை இணைக்கும் கம்பி வழியாக உயிரினங்கள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதைக் கற்பனை செய்து கட்டிய ஆட்டம். அதன் உயிரே பரிமாற்றம். தனியாக ஆடி எல்லாவற்றையும் சேர்க்க முடியாது, இன்னொருவர் வேண்டும். ஒரு பக்கம் உலகத்தின் மிகத் தனிமையான ஆட்டம், இன்னொரு பக்கம் துணை இல்லாமல் முடிக்க முடியாத ஆட்டம். இரண்டும் ஒரே சின்னக் கருவியில் பக்கத்துப் பக்கத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்து, 2005ல் சுன்சாஃப்ட் உருவாக்கிய 'போக்கிமான் மிஸ்டரி டஞ்சன்' ஆட்டத்தில் ஒன்று சேர்ந்தன.

சுன்சாஃப்டுக்கு இதில் பெரிய வரவு உண்டு. ரோக்கில் 26 எழுத்துகள். இங்கே 386 போக்கிமான்கள். ஒவ்வொன்றின் பெயரும் குணமும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். தண்ணீர் நெருப்பை அணைக்கும், மின்சாரம் பறவையை வீழ்த்தும் என்று யாரும் கற்றுத்தர வேண்டாம். இழப்பும் உண்டு. ரோக்கின் நிறம் தெரிந்தும் குணம் தெரியாத குப்பிகள் போய்விட்டன. கையில் எடுத்த விதை என்ன விதை என்று எடுத்த உடனே தெரிந்துவிடும். குடித்துப் பார்க்கும் அந்தத் திகில் இல்லை. நான் அதை இன்னும் தேடுகிறேன். பசி மட்டும் தலைமுறை தவறாமல் வந்தது. ரோக்கில் கட்டுச்சோறு, தோர்னெகோவில் ரொட்டி, ஷிரெனில் சோற்று உருண்டை, போக்கிமானில் ஆப்பிள். ஆப்பிள் ஒன்று தின்றால் வயிற்றில் 50 ஏறும். வயிறு சுழியமானால் ஒவ்வோர் அடிக்கும் உயிர் குறையும். கெட்டுப்போன சாப்பாட்டைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் வழியையும் மறக்காமல் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கும்போது உங்களிடம் கேள்விகள் கேட்கப்படும். நீங்கள் எப்படிப்பட்டவர் என்று அறியும் கேள்விகள். பதிலைப் பொறுத்து 16 போக்கிமான்களில் ஒன்றாக நீங்கள் கண் விழிப்பீர்கள். மனிதராக இருந்தது மட்டும் மங்கலாக நினைவிருக்கும். என் மகள் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கேள்விகளுக்கெல்லாம் மனதறிந்து பதில் சொல்லி, கியூபோன் ஆனாள். தாயின் மண்டையோட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தனியாக அழும் பிராணி அது. பிக்காச்சு கிடைக்கவில்லை என்று அவள் துளியும் வருந்தவில்லை. "அப்பா, இது என்னைச் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றாள்.

கண் விழித்ததும் ஒரு துணை கிடைக்கும். அடுத்த நிமிடமே ஒரு பட்டர்ஃப்ரீ பதறிக்கொண்டு வரும். நிலம் பிளந்து அதன் குழந்தை கேட்டர்பி உள்ளே விழுந்துவிட்டது. போய் மீட்க வேண்டும். அப்புறம் வருவதெல்லாம் அந்த ஒரு வரியின் விரிவுதான். அந்த உலகத்தில் இயற்கைச் சீற்றங்கள் பெருகிவிட்டன, போக்கிமான்கள் ஆங்காங்கே சிக்கிக்கொள்கின்றன, நீங்களும் துணையும் மீட்புக் குழு. பெலிப்பர் தபால் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் வேண்டுகோள்கள் ஒட்டியிருக்கும். ஏழாம் தளத்தில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார், நண்பரைத் தேடிப் போகிறவருக்கு வழித்துணை வேண்டும், ஒரு பழம் கொண்டுவர முடியுமா என்று எல்லாம் இந்த மாதிரி. ரோக்கில் நீங்கள் கீழே இறங்கியது தாயத்துக்காக. தோர்னெகோ இறங்கியது கடைக்காக. இங்கே நாம் இறங்குவதே இன்னொருவருக்காக.

துணையோடு இறங்குவதில் சிக்கல் இல்லாமல் இல்லை. நிலவறையின் அறைகளை இணைப்பவை ஓராள் அகலமே உள்ள சந்துகள். முன்னால் நீங்கள், பின்னால் துணை. எதிரே எதிரி வந்தால் முன்னால் இருப்பவர் மட்டுமே அடிக்க முடியும். துணையின் கையில் நல்ல நெருப்பு வித்தை இருந்தும் பயனில்லை. என் மகள் சந்தில் மாட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, இது நமக்கு உதவி பண்ணுதா, வழிய மறைக்குதா?" என்று கேட்டாள். நான் பின்னால் ஓர் அடி வைக்கச் சொன்னேன். துணையின் மேல் நடந்தால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அந்த மாற்றத்துக்கு ஓர் அடி செலவு. அந்த நேரத்தில் எதிரிக்கும் ஓர் அடி கிடைக்கும். அடி வாங்கிக்கொண்டே இடம் மாறினாள். துணை நெருப்பைக் கக்கியது, எதிரி போனது. அதற்கப்புறம் சந்தில் நுழையும்முன் யார் முன்னால் போவது என்று முடிவு செய்துகொள்ள அவளுக்குத் தெரிந்துவிட்டது. எதிரியைச் சந்துக்குள் இழுத்து ஒருவர் பின் ஒருவராக வரவைப்பதும், துணையின் தலைக்கு மேலே வளைந்து போய் விழும் கூழாங்கல்லை எறிவதும் தன்னாலேயே பிடிபட்டன. எல்லாத் தளமும் ஒன்றுபோல இருக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு என் பதில் இதுதான். சுவரின் நிறம் ஒன்றுபோல இருக்கலாம். எந்தச் சந்தின் எந்த முனையில், எத்தனை உயிரோடு, யாருக்கு முன்னால் நிற்கிறோம் என்பது ஒருபோதும் ஒன்றுபோல இருந்ததில்லை. சதுரங்கப் பலகையில் கட்டங்கள் மாறவில்லை என்று யாரும் குறைப்படுவதில்லை.

விழுந்தால் என்ன ஆகும் என்பதில்தான் போக்கிமான் பதிப்பு பெரிய மாற்றத்தைச் செய்தது. ரோக்கின் கல்லறையும் இல்லை, ஷிரெனின் முதல் லெவலும் இல்லை. நீங்கள் வளர்த்த பலம் உங்களோடு இருக்கும். கையிலிருந்த பணமும் பொருட்களில் பலவும் போகும். அதனால்தான் ஊரில் பெர்சியன் நடத்தும் வங்கியும் கங்காஸ்கான் வைத்திருக்கும் கிடங்கும் இருக்கின்றன. நிலவறைக்குக் கிளம்பும்முன் பணத்தை வங்கியில் போடுவதும் கிடங்கில் எதை விட்டு எதை எடுப்பது என்று மெனக்கெடுவதும் ஆட்டத்தில் பாதி. பழைய ஆட்டக்காரர்கள் இதை மென்மை என்று குறை சொல்வார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை, ஏனென்றால் இந்த ஆட்டம் விழுந்தவருக்கு இன்னொரு வழியையும் வைத்திருந்தது.

விழுந்ததும் ஆட்டம் கேட்கும்: ஊருக்குத் திரும்பிவிடலாமா, அல்லது நண்பர் வந்து மீட்கும்வரை காத்திருக்கலாமா? காத்திருக்கிறேன் என்று சொன்னால், உங்கள் நிலைமையைச் சங்கேதமாக எழுதிய நீண்ட எழுத்துச்சரம் ஒன்று வரும். ஐம்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளும் எண்களும் குறிகளும். அதை ஒரு நண்பரிடம் கொடுக்க வேண்டும். அவர் தன் கருவியில் தட்டிவிட்டு, நீங்கள் விழுந்த அதே நிலவறைக்குள் தன் குழுவோடு இறங்கி, நீங்கள் விழுந்த தளம்வரை வந்து உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அவருடைய கருவி ஒரு பதில் சரத்தைத் தரும். அதை நீங்கள் தட்டினால் விழுந்த இடத்திலேயே, எதையும் இழக்காமல் எழுந்து நிற்பீர்கள். நன்றிக் கடிதமும் அதோடு ஒரு பொருளும் அவருக்கு அனுப்பலாம். ஷிரென் வரிசையின் பிந்தைய ஆட்டங்களிலேயே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே அது ஓர் உப வசதி. மீட்பதையே கதையாகக் கொண்ட ஆட்டத்துக்குள் வந்தபோதுதான் அதற்குரிய இடம் கிடைத்தது.

என் மகள் விழுந்தது மவுண்ட் பிளேஸ் என்ற எரிமலையில். சரத்தைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். என் அக்கா மகனிடமும் அதே ஆட்டம் இருந்தது. போனில் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். ஓர் எழுத்து பிசகினாலும் கருவி ஏற்காது. சுழியமா, ஓ எழுத்தா என்று இருவரும் வாக்குவாதம் செய்து, முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள். பிறகு காத்திருப்பு. அவன் உள்ளே போய் அவனும் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரே கவலை. மாலையில் போன் வந்தது. "மாமா, அவளக் கூப்பிடுங்க, நோட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றான். பதில் சரம் நோட்டில் ஏறியது, எரிமலையில் கியூபோன் எழுந்து நின்றது. கல்லூரிக் கணினி அறையில் ஐந்து பேர் பின்னால் நின்று கைகட்டிப் பார்த்த ஆட்டத்துக்குள், பின்னால் நிற்பவர் இறங்கி வர இவர்கள் ஒரு படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. செத்தால் செத்ததுதான் என்ற சட்டத்தை வெறுமனே நீக்கியிருந்தால் ஆட்டம் சப்பென்று போயிருக்கும். அவர்கள் விழுந்தால் இழப்பு என்ற அளவில் சட்டத்தை வைத்துக்கொண்டு, அதை முறிக்கும் உரிமையை நண்பனிடம் கொடுத்தார்கள்.

கதையிலும் இதே எண்ணம் ஓடுகிறது. நடுவில் ஒரு கட்டத்தில், சீற்றங்களுக்கெல்லாம் காரணம் போக்கிமானாக மாறிய ஒரு மனிதன்தான் என்று கெங்கார் ஊரைக் கூட்டிச் சொல்லும். நேற்றுவரை உதவி கேட்டு வந்த ஊரே துரத்தக் கிளம்பும். நீங்களும் துணையும் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடுவீர்கள். எரிமலையும் பனிமலையும் தாண்டி நெடுந்தூரம். வங்கி இல்லை. துணை மட்டும் கூட வரும். சந்தில் வழியை மறைக்கும் அதே துணை. பிள்ளைகளுக்கான கைக்கருவி ஆட்டத்தில் ஊர்ப்பழியையும் விலக்கிவைப்பதையும் இவ்வளவு நேராகச் சொன்ன வேறொன்றை நான் கண்டதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டியலுக்குள் பட்டியலாக விரியும் தேர்வுகள் தொந்தரவு. புதியவர்களைக் குழுவில் சேர்க்க அவர்களுக்கான வாழிடத்தை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். சேர்ந்தவர் திரும்புமுன் விழுந்துவிட்டால் அவர் இல்லை. கதை முடியும்வரை யாருக்கும் பரிணாமம் கிடையாது. அறிவிப்புப் பலகையின் வேண்டுகோள்கள் சில நாட்களில் ஒரே வாசகமாகத் தெரியத் தொடங்கும். இவையெல்லாம் சரிசெய்திருக்கக்கூடியவை. பிற்பாடு பலவற்றைச் சரிசெய்தும் விட்டார்கள்.

பழைய சட்டம் அடியோடு போய்விடவும் இல்லை. கதையெல்லாம் முடிந்த பிறகு 'ப்யூரிட்டி ஃபாரஸ்ட்' என்ற காடு திறக்கும். 99 தளங்கள். துணை இல்லை, பொருள் இல்லை, பணம் இல்லை, நீங்கள் எந்த லெவலில் இருந்தாலும் உள்ளே முதல் லெவல். கடைசித் தளத்தில் செலெபி. அது ரோக்கேதான். நாற்பதை நெருங்கிய நான் என் மகளிடமிருந்து அந்தக் கருவியை இரவல் வாங்கியது இந்தக் காட்டுக்காக.

2007ல் 'எக்ஸ்ப்ளோரர்ஸ்' என்ற பெயரில் இரண்டு ஆட்டங்கள் வந்தன. 2009ல் அவற்றை விரித்து 'எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆஃப் ஸ்கை' வந்தது. விக்லிடஃப்பின் சங்கத்தில் தொடங்கிக் காலச் சக்கரங்களைத் தேடும் கதை. துணைக் கதாபாத்திரங்களுக்கென்று ஐந்து தனி அத்தியாயங்கள். பலரும் வரிசையில் இதைத்தான் சிறந்தது என்பார்கள். கதைக்கு நானும் ஒத்துக்கொள்வேன், இசைக்கும் ஒத்துக்கொள்வேன். ஆட்டமாக எடுத்தால் ரெட்டின் எளிமையே எனக்கு நிறைவு. 2012ல் சுன்சாஃப்ட் ஸ்பைக் நிறுவனத்தோடு இணைந்து ஸ்பைக் சுன்சாஃப்ட் ஆனது. அந்த ஆண்டு 3டிஎஸ் கருவிக்கு வந்த ஆட்டத்தில் கேள்விகளை எடுத்துவிட்டார்கள், பெரும்பாலான நிலவறைகளில் பசியையும் எடுத்துவிட்டார்கள், நாயகனாக ஐந்தே ஐந்து போக்கிமான்கள். பசி இல்லாத நிலவறையில் அவசரம் இல்லை. அவசரம் இல்லாத இடத்தில் யோசிக்கக் காரணமும் இல்லை. வரிசையிலேயே பலவீனமானது அதுதான்.

2015ல் வந்த 'சூப்பர்' அந்தக் காலம்வரை வந்திருந்த போக்கிமான்கள் எல்லாவற்றையும் சேர்த்தது. 2020 மார்ச் 6 அன்று பழைய ரெட்டையும் ப்ளூவையும் புதிதாக வரைந்து 'ரெஸ்க்யூ டீம் டிஎக்ஸ்' என்று ஸ்விட்ச் கருவிக்குக் கொண்டுவந்தார்கள். நீர்வண்ணச் சித்திரம்போல அழகு. கேள்விகள் உண்டு, ஆனால் முடிவு பிடிக்காவிட்டால் வேறு போக்கிமானைத் தேர்ந்துகொள்ளலாம். பசியும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் உங்கள் குழு தானாகவே படிக்கட்டைத் தேடி நடக்கும். அந்தப் பொத்தானைத் தொடாமல் ஆடுங்கள் என்பது நான் எல்லோரிடமும் சொல்வது. ஒவ்வோர் அடியையும் நீங்களே வைக்காவிட்டால் இந்த ஆட்டத்தில் ஆடுவதற்கு ஒன்றும் இல்லை. மீட்பு வேண்டுகோளை இப்போது இணையத்திலேயே அனுப்பலாம், எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் வந்து தூக்கிவிடுவார். வேலை சுலபம்தான். ஆனால் உங்கள் பிள்ளைக்கு இந்த ஆட்டத்தை வாங்கிக் கொடுப்பதாக இருந்தால், அதே ஆட்டம் வைத்திருக்கும் ஒரு பிள்ளையையும் அக்கம்பக்கத்தில் தேடிக் கொடுங்கள். வாங்கும் செலவில் அதுவும் சேர்த்தி.